சின்னவர் எண்ணெய் விட்ட சக்கரம்

பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது. இதை நான் சொன்னால் நம் காலை நடைக் கூட்டத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "டீச்சருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, பிரேக்கைப் பத்தி க்ளாஸ் எடுக்கறாங்க" என்று நம் ரிட்டயர்டு தாசில்தார் போன வாரம் கேலி செய்தார். தாராளமாகச் சிரியுங்கள். எழுபதை எட்டப் போகிற நாம் வேறு எதற்குத்தான் சிரிப்பது?

சங்கதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்போனில் எவனோ ஒருவன் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறான், இவர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். செய்யட்டும், நல்ல பழக்கம்தான். ஆனால் கிரீஸ் அப்பிய கையைத் துடைத்த அதே துணியால் பிரேக்கையும் துடைக்கப் போனார் பாருங்கள், எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "துணியைக் கீழ போடுங்க!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

மருமகன் துணியைக் கீழே போட்டார். நான் விடவில்லை. கிரீஸ் என்பது அச்சு உருளுகிற பேரிங்குக்கு மட்டும்தான். அதிலும் நிறைந்தால் போதும், வழியக் கூடாது. வண்டி ஓடிச் சூடேறினால் அது இளகி வெளியே வரும். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பிறை பிறையாக இரண்டு கட்டைகள் இருக்கிறதே, பிரேக் ஷூ, அது எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும். அதற்கு வேறு துணி. அதைத் தொடும் முன்னால் கையில் சோப்புப் போட வேண்டும். செயினுக்கு எண்ணெய் பீய்ச்சும்போது சக்கரத்துப் பக்கம் ஒரு அட்டையை வைத்து மறைக்க வேண்டும். பிரேக் கத்தினால் அது எண்ணெய் கேட்டுக் கத்தவில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கத்துகிறது. எல்லாம் மாட்டியானதும் தெருவுக்குப் போகாமல் வாசலிலேயே உருட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க அத்தை?" என்றார் மருமகன்.

எங்கே படித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் இல்லை, சொன்னாலும் புரியாது. உங்களுக்குப் புரியும். நீங்களெல்லாம் அந்தக் காலத்தில் கொடி பார்த்தவர்கள். சிலர் கொடி பிடித்தவர்கள், சிலர் கொடியைப் பார்த்ததும் கதவைச் சாத்தியவர்கள். அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே, நான்கு பக்கமும் நெல் வயல். ஊருக்குள் ஒரு பெரிய வீடு. ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. அப்பா பெரிய வீட்டில் பண்ணையாள். அம்மாவுக்கு அங்கே மாட்டுக்கொட்டில் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் அம்மாவோடு போய்ச் சாணி அள்ளுவேன். பெரியவர் காலமாகிவிட்டதால் பண்ணையை நடத்தியது பெரிய வீட்டம்மாதான். அந்த அம்மாவுக்கு ஒரே மகன். அவரைத்தான் நாங்கள் சின்னவர் என்போம்.

புது ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சின்னவர் காலேஜில் பி.எஸ்சி. படித்தவர். படிப்பை முடித்து வரும்போதே கட்சிக் கரை வேட்டியோடு வந்தார். மேடையில் ஏறினால் தமிழ் அருவி மாதிரி கொட்டும். ஏழை, பணக்காரன், ஆண்டான், அடிமை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, எங்கள் தெருக்காரர்கள் தூரத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்பார்கள். பெரிய வீட்டுப் பிள்ளையே இப்படிப் பேசுகிறதே என்று ஆச்சரியம். எங்கள் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் சிவப்புக் கொடியும் பறந்தது. அப்பா சங்கத்தில் இருந்தார். ஆனால் சின்னவர் மீது அவருக்கு ஒரு தனிப் பிரியம்.

ஒருநாள் சின்னவர் அப்பாவிடம், "இனிமே என்னை ஆண்டைன்னு கூப்பிடாத. அண்ணேன்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். அப்பா அதை எங்கள் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். வாயில் என்னவோ 'அண்ணே' வரவேயில்லை, கடைசிவரை 'சின்னவரே'தான். ஒன்று கவனியுங்கள். அப்பாதான் வயதில் மூத்தவர். சின்னவர் பிறந்தபோதே அந்தப் பண்ணையில் ஏர் பிடித்தவர். மூத்தவர் இளையவரை அண்ணே என்று கூப்பிட வேண்டுமாம். தான் அவரை அண்ணே என்று கூப்பிடலாம் என்று அந்தப் படித்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும்தான் தோன்றவில்லை. இத்தனை வயசுக்குப் பிறகு எனக்கு இப்போதுதான் அது உறைக்கிறது.

சின்னவர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். கறுப்பு நிறம், டபடபவென்று சத்தம். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வண்டிக்குப் பின்னால் ஓடுவோம், அந்தப் புகை வாசனைக்காகவே. வண்டியில் ஒரே ஒரு குறை. காலால் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் கிறீச்சென்று கத்தும். பெரிய வீட்டம்மாவுக்கு அது ஆகவே ஆகாது.

"வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் ஒப்பாரி வைக்குதுடா. வெளங்குமா வீடு?" என்பார்.

அந்த வீட்டில் கத்துகிற எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஊஞ்சல் சங்கிலி கத்தினால் எண்ணெய், கிணற்று ராட்டினம் கத்தினால் எண்ணெய், கதவு முனகினால் எண்ணெய். அந்த அம்மா ஒரு கிண்ணமும் கோழி இறகுமாக வீட்டைச் சுற்றி வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஆயுத பூசை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எது எதெல்லாம் சுற்றுமோ அதற்கெல்லாம் வயிறு நிறைய எண்ணெய் வைத்துவிட்டுத்தான் சந்தனம், குங்குமம். மாட்டு வண்டிகளின் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு வண்டி மை வைப்பார்கள். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்த மை. அது வழிய வழிய இருந்தால்தான் வீட்டில் லட்சுமி வழிவாள் என்று கணக்கு. மரச் சக்கரத்துக்கு அது சரிதான். மரச் சக்கரத்துக்குள் பிரேக் கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூசை குறுவை அறுப்புக்கு நடுவில் வந்தது. காலையில் நானும் அம்மாவும் கொட்டிலில் இருந்தோம். சின்னவர் கொல்லையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தானே கழற்றினார். டவுனில் மெக்கானிக் பாய் கடை இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். "நான் சயின்ஸ் படிச்சவன். இது என்ன பெரிய வித்தையா?" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாவின் வேலை சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதும்.

டப்பாவைத் திறந்து விரலால் வழித்து வழித்து அப்பினார் சின்னவர். கருப்பட்டிப் பாகு நிறத்தில் கிரீஸ். புது வாசனை, எனக்குப் பிடித்திருந்தது. சாணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தேன்.

பெரிய வீட்டம்மா வந்தார். "தாராளமா வைடா. வருஷத்துக்கு ஒருநாள். கஞ்சத்தனம் பண்ணாத."

"வச்சிருக்கேம்மா. வழியுது பாருங்க."

"கத்தற எடத்துக்கு வச்சியா?"

சின்னவர் பிறை மாதிரி இருந்த அந்த இரண்டு கட்டைகளையும் காட்டினார். "இதுதாம்மா உரசி உரசிக் கத்துது" என்றார். பிறகு தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை வாங்கி, இரண்டு கட்டைகள் மீதும் மாற்றி மாற்றி விட்டார். சொட்டு சொட்டாக, மிகவும் கவனமாக, மருந்து விடுவதுபோல விட்டார். அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எண்ணெய் ஊறினதும் அந்தக் கட்டைகளின் நிறம் மாறிப் போயிற்று.

அப்பாவுக்கும் அது தப்பு என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா? அதற்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆண்டைக்குப் போய் யார் சொல்வது?

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. "பூ மாதிரி சுத்துது" என்று சின்னவர் எழுந்து நின்றார். இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அப்பாவிடம், "உன் துண்டைக் குடு" என்றார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். சின்னவர் அதில் கையை அழுந்தத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெரிய வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்க்க வேண்டுமே. சோறு தின்னக்கூட உட்காரவில்லை.

"என் துண்டை வாங்கித் தொடச்சாருடி. அந்தம்மா பாத்துக்கிட்டே நிக்குது. எவனாவது நம்ம துண்டைத் தொட்டிருக்கானா இதுவரைக்கும்?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அழுக்கைத் தொடச்சித்தானே குடுத்தாரு? தொவைச்சிக் குடுக்கலையே?"

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

அம்மா அந்தத் துண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். கிரீஸ் கறை போவேனா என்றது. மண்ணெண்ணெய் இருந்தால் போயிருக்கும். வீட்டில் விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. அரைகுறை ஈரத்தோடு மறுநாள் அப்பா அதையே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த நாள்தான் மறியல். குறுவைக்கு அறுப்புக் கூலியாக ஒரு மரக்கால் நெல் கூடக் கேட்டிருந்தார்கள் எங்கள் ஆட்கள். பெரிய வீட்டம்மா முடியாது என்று வெளியூர் ஆட்களை வண்டி வைத்துக் கூட்டிவர ஏற்பாடு செய்துவிட்டார். வெளி ஆள் வயலில் இறங்கினால் எங்கள் தெருவுக்கு அந்தப் பருவச் சோறு போச்சு. அதனால் வண்டிகள் வருகிற வாய்க்கால் பாலத்து இறக்கத்தின் அடியில் எங்கள் ஆண்களும் பெண்களும் கூடி வழியை மறித்து நின்றார்கள். நானும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னவர் நியாயம் பேச வருவதாகச் சொல்லியிருந்தார். "அவரு வந்தா அம்மாவையும் சரிக்கட்டிடுவாரு, பாருங்க" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசை வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் சக்கரத்தை மாட்டின பிறகு அந்த வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கவேயில்லை. மறுநாள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, நேரே பாலத்துக்கு வந்தார் சின்னவர். வீட்டிலிருந்து பாலம் வரை மேடு, பிரேக்குக்கு வேலையில்லை. பாலத்தின் உச்சியில் வண்டியைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். பாலத்திலிருந்து எங்கள் பக்கம் நல்ல இறக்கம்.

இறக்கத்தில் வண்டி வேகமாக வந்தது. நிற்பார், நிற்பார் என்று பார்த்தால் நிற்கவில்லை. அவர் கால் மிதிப்பது தெரிந்தது. முன்பிரேக்கை அந்தக் காலத்தில் யாரும் தொடமாட்டார்கள், குப்புறத் தள்ளிவிடும் என்று பயம். "வெலகு! வெலகு!" என்று கத்தினார். நாங்கள் சிதறி ஓடினோம். வண்டி இறக்கத்தடியில், வாய்க்கால் கரையிலிருந்த மதகுச் சுவரில் மோத, சின்னவர் வாய்க்காலில் போய் விழுந்தார். மாலையிலிருந்த சாமந்திப் பூவெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

முதலில் குதித்தது அப்பாதான். சின்னவரைத் தோளில் போட்டுக் கரையேற்றினார். கால் எலும்பு முறிந்து ரத்தம் கொட்டியது. அப்பா தன் துண்டை உருவி, அந்தக் காலை இறுக்கிக் கட்டினார். அப்போதுதான் வந்து நின்ற வெளியூர் ஆட்களின் மாட்டு வண்டியிலேயே ஏற்றி டவுனுக்கு அனுப்பினார்கள். வண்டி மறையும்வரை அப்பா அழுதுகொண்டே நின்றார்.

மறுநாள் போலீஸ் வந்தது. மெக்கானிக் பாயையும் கூட்டிவந்தார்கள். பெரிய வீட்டுக் கொல்லையில் அதே சாக்கின் மேல் சக்கரத்தைப் போட்டுப் பாய் பிரித்தார். அம்மாவும் நானும் கொட்டிலில் இருந்தோம். உள்ளே விரலை விட்டு எடுத்து, மூக்கருகே வைத்துப் பார்த்தார் பாய்.

"பிரேக் ஷூ முழுக்க எண்ணெயும் கிரீஸும் ஊறிப் போயிருக்குங்க. இப்படி இருந்தா எப்படிப் பிடிக்கும்? ஆனா இது வேணும்னு செஞ்ச மாதிரி தெரியலீங்க. வீட்டுல சர்வீஸ் பண்றவங்க செய்யற தப்புதான். என் கடைக்கே இப்படி எத்தனையோ வண்டி..."

"பிரேக் ஏன் பிடிக்கலன்னுதான் உன்னைக் கேட்டேன். எவன் எதுக்கு வச்சான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் போலீஸ் அதிகாரி.

பாய் விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மைதான் எங்களுக்கு எமனாக வந்தது. ஆஸ்பத்திரியில் சின்னவர் காலிலிருந்து அவிழ்த்த துண்டில் ரத்தத்தோடு கிரீஸும் இருந்ததாம். துண்டு யாருடையது? கட்டினவன் துண்டு. சக்கரத்தைப் பிடித்தவன் யார்? அவனேதான். பாலத்தில் மறியல் செய்தவன்? அவனேதான். சிவப்புக் கொடிக்காரன் ஆண்டையைக் கொல்ல சக்கரத்தில் எண்ணெய் வைத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். "சின்னவர்தான் எண்ணெய் விட்டாரு! நான் பார்த்தேன்! அந்தம்மாவும்தான் பார்த்தாங்க!"

பெரிய வீட்டம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "உன் புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க. எம் புள்ள பி.எஸ்சி. படிச்சவன். எதுக்கு எண்ணெய் விடணும், எதுக்கு விடக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதா?" என்றார்.

அந்த அம்மா பொய் சொன்னார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. படித்த மகன் தப்புச் செய்திருப்பான் என்று அவருக்கு நிஜமாகவே எட்டவில்லை. தப்பு என்று ஒன்று நடந்தால் அது எங்கள் தெருவிலிருந்துதான் வந்தாக வேண்டும். பொய் சொன்னவளையாவது வைது தீர்க்கலாம், இவரை என்ன செய்வது? நாசமாய்ப் போன நம்பிக்கை அது.

அப்பாவை எங்கள் தெருவிலிருந்து இழுத்துப் போனார்கள். கொலை செய்யப் பார்த்ததாகக் கேஸ். அப்பா போனதும் மறியலும் போயிற்று. அடுத்தது யாரைப் பிடிப்பார்களோ என்று ஆண்கள் கொல்லைப் பக்கம் படுத்தார்கள். வெளியூர் ஆட்கள் வந்து வயலை அறுத்து முடித்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கதிர் பொறுக்கக்கூட விடவில்லை.

அம்மா மட்டும் ஒரு நம்பிக்கையை விடவில்லை. "சின்னவருக்குத் தெரியும்டி. அவரு வாயால ஒரு வார்த்தை சொன்னா அப்பா வந்துடும்." என்னை இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கே போனாள். டவுனிலிருந்து அவரை மாற்றியிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிக் கரை வேட்டிகள், சாத்துக்குடிப் பை, பினாயில் வாசனை. கால் முழுக்க மாவுக்கட்டு. எங்களைப் பார்த்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பினார் சின்னவர். அதைப் பார்த்து அம்மா என் கையை அழுத்தினாள். நல்லது நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"சின்னவரே, நீங்கதானே எண்ணெய் விட்டீங்க?" என்றாள். கும்பிட்டுக்கொண்டேதான் கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விட்டேன். கத்தாம இருக்கட்டும்னு விட்டேன். எனக்கென்ன தெரியும்?"

"அதைப் போலீசுல சொல்லிடுங்க சாமி. அது வந்துடும்."

"புரியாம பேசாத. பி.எஸ்சி. படிச்சவன் பிரேக்குக்கு எண்ணெய் விட்டு வாய்க்கால்ல விழுந்தான்னு ஊரே சிரிக்கும். நாளைக்கு நான் மேடை ஏறினா கீழே இருக்கறவன் எண்ணெய்க் குப்பியைக் காட்டுவான். அடுத்த எலெக்‌ஷன்ல என் பேரு அடிபடுது, தெரியுமா?"

"அப்ப அது ஜெயில்லயே கெடக்கணுமா?"

"நான் விட்டுடுவேனா? மேல பேசிட்டேன். சமரசம் பேச ஏற்பாடாகுது. உன் வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும், தெரியாம வச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். கேஸை வாபஸ் வாங்கிடறோம். தெரியாம செஞ்சேன்னு சொல்றதுல அவருக்கு என்ன கௌரவம் போயிடப் போகுது?"

கேட்டுக்கொண்டீர்களா? ஒரு மனுஷன் கம்பிக்குப் பின்னால் கிடந்தது இன்னொரு மனுஷனைப் பார்த்து ஊர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. உண்மையைச் சொன்னால் சின்னவருக்கு ஜெயில் இல்லை, சொத்து நஷ்டம் இல்லை, வெறும் சிரிப்பு. போகும்போது எனக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்தார். நான் வாங்கவில்லை. அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அதைச் சாக்கடையில் எறிந்தாள்.

சமரசக் கூட்டம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரிகள், கட்சிக்காரர்கள், சங்கத்துப் பெரியவர் எல்லோரும் நாற்காலியில். அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையை மொட்டையடித்திருந்தார்கள், தாடை வீங்கியிருந்தது. நான் பெஞ்சியில் உட்காருகிற அதே வகுப்பறையில், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று அப்பா சொன்னார்: "நாந்தான் தெரியாம வச்சிட்டேன். ஆண்டை மன்னிக்கணும்." சின்னவர் இல்லை, ஆண்டை. சத்தம் போதவில்லை என்று ஒருவர் சொல்ல, இன்னொரு தடவையும் சொன்னார்.

கேஸ் வாபஸ். அடுத்த அறுப்புக்கு அரை மரக்கால் உயர்வு. எல்லோரும் டீ குடித்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு வயிறெரிய மாட்டேன். அப்பா தெருவுக்கு வந்ததும் எங்கள் இளவட்டங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "தெரியாம வச்சீங்களா மாமா? யாருகிட்ட?" என்று கண்ணடித்தார்கள். அப்பா பதறிப் போய், "ஐயோ, நான் வைக்கலடா, சத்தியமா வைக்கல" என்றார். அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "கெட்டிக்காரருதான்! நம்மகிட்டயே சாதிக்கறாரு பாரு!"

எங்கள் தெருவுக்கும் ஒரு வெற்றி வேண்டியிருந்தது. பட்டினியில் கிடந்தவர்களுக்கு அந்த எண்ணெய் இனித்தது. சங்கத்துப் பெரியவர் வருஷா வருஷம் கூட்டத்தில் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் எண்ணெய் கூடிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் சின்னவரும் சும்மா இருக்கவில்லை. விந்தி விந்தி மேடையேறி, ஏழைகளுக்கு நியாயம் பேசப் போய் வாங்கின அடி இது என்று காலைத் தட்டிக் காட்டுவார். அவருக்கும் கை தட்டினார்கள். ஒரே எண்ணெயை இரண்டு பக்கமும் வழித்து வழித்துத் தின்றார்கள். நடுவில் ஒரு மனுஷன் தான் செய்யாததைச் சுமந்துகொண்டு வயலுக்குப் போய் வந்தார். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோபம் வந்து நான் மறுக்கப் போனால், "விடு பாப்பா. அடிச்சவனும் நம்பல, கொண்டாடறவனும் நம்பல. யாருகிட்டன்னு போய்ச் சொல்லுவ?" என்பார்.

நான் படித்து, டீச்சராகி, அப்பாவை டவுனுக்கு என்னோடு அழைத்து வைத்துக்கொண்டேன். அவர் இறந்தபோது ஊரில்தான் எடுத்தோம். பதினாறாம் நாள் சங்கத்தார் படத்திறப்பு வைத்தார்கள். பந்தல், மைக்செட், கொடி. எங்கள் தெருவே திரண்டு வந்திருந்தது. சங்கத்துப் பெரியவர் தள்ளாத வயதில் கைத்தாங்கலாக மேடையேறி, அப்பாவின் படத்தைத் திறந்தார்.

"ஆயுதம் எடுக்கல. ஆள் சேர்க்கல. ஒரே ஒரு சொட்டு எண்ணெய்! ஆண்டையை வாய்க்கால்ல தள்ளின மாவீரன் இவரு!"

நான் எழுந்தேன். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசை வரை போகும், வகுப்பில் கத்திக் கத்திப் பழகின குரல்.

"எங்கப்பா வைக்கல. சின்னவர்தான் எண்ணெய் விட்டாரு. நான் பக்கத்துல நின்னு கண்ணால பார்த்தேன். ஆஸ்பத்திரியில அவரே ஒத்துக்கிட்டாரு. செய்யாத தப்புக்குத்தான் எங்கப்பா அடிபட்டாரு, ஜெயிலுக்குப் போனாரு. அதையாவது இன்னைக்குச் சொல்லுங்க."

சங்கத்துப் பெரியவர் மெல்ல மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். என் தலையில் கையை வைத்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் தளும்பியது.

"கேஸெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு தாயி. பெரிய வீடும் இல்ல, அந்தம்மாவும் இல்ல. இன்னும் யாருக்குப் பயந்துக்கிட்டு மறைக்கற?"

கூட்டம் கை தட்டியது.